பதினைந்தாம் இடத்து அணி: இம்மாக்குலாட்டா வென்றதும் இழந்ததும்

1972 மார்ச் மாதம் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நார்மல் என்னும் ஊரில் 16 கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணிகள் கூடின. நாடு தழுவிய சாம்பியன் பட்டத்துக்கான போட்டி அது. அவற்றுள் 15ஆம் இடத்தில் தரப்படுத்தப்பட்டிருந்தது பென்சில்வேனியாவின் இம்மாக்குலாட்டா கல்லூரி. கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்று நடத்திய சிறிய மகளிர் கல்லூரி. அதற்குச் சற்று முன்புதான் மண்டல இறுதியாட்டத்தில் 38–70 என்ற கணக்கில், 32 புள்ளிகள் வித்தியாசத்தில், அந்த அணி தோற்றிருந்தது. நார்மலில் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது, மண்டலப் போட்டியில் அதை நசுக்கிய அதே வெஸ்ட் செஸ்டர் அணி.

இத்தகைய அணியை அமெரிக்க விளையாட்டு இதழியல் ‘சிண்ட்ரெல்லா’ என்று அழைக்கும். அச்சொல்லுக்கு ஒரு பொருட்சுமை உண்டு. கதையில் வரும் பெண்ணுக்கு ஒரு தேவதையின் அருளால் வாய்ப்புக் கிட்டுகிறது. அவள் செய்த வேலை கதையின் முன்பகுதியோடு மறைந்துபோகிறது. இம்மாக்குலாட்டாவின் வெற்றியும் பெரும்பாலும் இப்படியே சொல்லப்படுகிறது. வாளியைத் தட்டி ஆரவாரித்த கன்னியர், பணமில்லாத கல்லூரி, இளம் பயிற்றுநர், ஓர் அற்புதம். விவரங்கள் உண்மையே. ஆனால் தோற்ற அணிக்கு இரண்டாம் வாய்ப்பைத் தந்த ஏற்பாட்டை யார் உருவாக்கினார்கள், அந்த ஏற்பாடு பத்தே ஆண்டுகளில் ஏன் இல்லாமற் போயிற்று என்ற கேள்விகளை ‘அற்புதம்’ என்னும் சொல் மூடிவிடுகிறது.

கூடைப்பந்து பெண்களிடம் தாமதமாக வந்து சேர்ந்த ஆட்டமன்று. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் அதை உருவாக்கினார். சில மாதங்களுக்குள் அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவர் அடுத்த பகுதிக்குள் செல்லக் கூடாது என விதித்தவர் அவரே. பெண்ணுடல் மிகையான உழைப்பைத் தாங்காது என்ற அக்கால மருத்துவ நம்பிக்கைக்கும், மாணவியர் ஓடியாட வேண்டும் என்ற அவரது விருப்பத்துக்கும் இடையே எழுந்த உடன்பாடு அது. 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் மோதிய கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டு 2–1 என வென்றது. ஆடவர் பார்வையாளராகக்கூட அனுமதிக்கப்படவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1899இல், கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் ஆட்டங்களையே ஸ்டான்ஃபோர்டு தடைசெய்தது.

1920கள் முதல் மகளிர் உடற்கல்வியாளர்களிடையே ஒரு கோட்பாடு வலுப்பெற்றது. ஆடவர் கல்லூரி விளையாட்டைப் பணமும் கூட்டமும் வெற்றி வெறியும் கெடுத்துவிட்டன. பெண்கள் அந்த வழியில் போகக் கூடாது என்பது அதன் சாரம். இதன் விளைவாகத் தோன்றியதே ‘விளையாட்டு நாள்’ என்னும் முறை. பல கல்லூரிகளின் மாணவியர் ஓரிடத்தில் கூடுவர். அவர்களைக் கலந்து புதிய அணிகள் பிரிக்கப்படும். ஆட்டம் முடிந்ததும் தேநீரும் பலகாரமும். எந்தக் கல்லூரியும் வெல்லாது, எந்தக் கல்லூரியும் தோற்காது. போட்டி என்ற சொல்லே ஐயத்துக்குரியதாக இருந்த உலகில் பட்டத்துக்கும் பருவ இறுதிப் பரபரப்புக்கும் இடமே இல்லை. இக்கோட்பாட்டில் பாதுகாப்பும் இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

எல்லாப் பெண்களும் இந்தக் கோட்பாட்டின் கீழ் வளரவில்லை. தொழிற்சாலை அணிகள், தெற்கின் கறுப்பினக் கல்லூரிகள், அயோவா போன்ற மாநிலங்களின் சிற்றூர்ப் பள்ளிகள், ஃபிலடெல்ஃபியாவின் கத்தோலிக்கப் பங்குகள் ஆகியவற்றில் பெண்கள் வெளிப்படையாகவே வெற்றிக்காக ஆடினர். ஃபிலடெல்ஃபியாவில் பங்கு ஆலயங்களின் சிறுமியர் அணிகளும் கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளின் அணிகளும் தலைமுறை தலைமுறையாக மோதி வந்தன. 1920இல் தொடங்கிய இம்மாக்குலாட்டா கல்லூரி இந்தப் பண்பாட்டின் மேல்தளம். அதன் மாணவியருள் பலர் உழைக்கும் வர்க்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் மகள்கள். கல்லூரிக்கு வரும்போதே தேர்ந்த ஆட்டக்காரர்கள். 1972ஆம் ஆண்டு அணியின் நட்சத்திரம் தெரசா ஷாங்க், 1970களின் அடுத்தடுத்த அணிகளில் ஒளிர்ந்த மரியான் கிராஃபோர்டு, ரெனே மூத் ஆகிய மூவரும் இப்படி வந்தவர்களே. தேவதை வந்து தொடுவதற்கு முன்பே அவர்கள் ஆடத் தெரிந்தவர்களாக இருந்தனர்.

பயிற்றுநர் கேத்தி ரஷ் 1970இல் பொறுப்பேற்றார். வயது இருபதுகளின் தொடக்கம். ஆண்டு ஊதியம் 450 டாலர். கல்லூரியின் விளையாட்டுக்கூடம் 1967இல் தீக்கிரையாகியிருந்தது. பயிற்சிக்கு வேறிடங்களை நாட வேண்டியிருந்தது. சீருடையோ பாவாடை போன்ற கனத்த ஆடை. இந்நிலையில் ரஷ் தம் அணிக்குத் தயக்கமின்றி ஆடவர் ஆட்டத்தின் உத்திகளைக் கற்பித்தார். காலமும் அவருக்குத் துணையாயிற்று. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் என்றும், பெரும்பாலோர் பாதிக் களத்தைத் தாண்டக் கூடாது என்றும் இருந்த பழைய விதிகள் 1971இல் கல்லூரி ஆட்டத்திலிருந்து நீங்கின. ஐவர் முழுக் களத்திலும் ஓடலாயினர். எண்பது ஆண்டுகளாகத் தரையில் வரையப்பட்டிருந்த கோடு அழிந்த மறுபருவத்தில்தான் இம்மாக்குலாட்டா ஓடத் தொடங்கியது.

அதே பருவம் வேறொரு தொடக்கமும் ஆகும். வெஸ்ட் செஸ்டரின் பயிற்றுநர் கேரல் எக்மன் 1969இல் தம் கல்லூரியிலேயே 16 அணிகளை அழைத்து நாடளாவிய முதல் போட்டியை நடத்தினார். அதன் பெயரில் ‘அழைப்பு’ என்ற சொல் இருந்தது. யாரை அழைப்பது என்பது நடத்துவோரின் முடிவு. 1971–72இல் கல்லூரி மகளிர் விளையாட்டுச் சங்கம் செயல்படத் தொடங்கியபோது அழைப்பின் இடத்தைத் தகுதி எடுத்துக்கொண்டது. நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது; மண்டலப் போட்டிகளின் வழியே தேசியப் போட்டிக்குச் செல்லும் பாதை அமைந்தது. சொல்லில் சிறிய மாற்றம். ஆனால் பெரிய கல்லூரிக்குச் சமமாகச் சிறிய கல்லூரியும் உரிமையோடு வாயிலில் நிற்க அதுவே வழிசெய்தது. அந்தச் சங்கத்தை நிறுவியவர்களும் நடத்தியவர்களும் மகளிர் உடற்கல்வியாளர்களே.

மண்டல இறுதியாட்டம் வரை இம்மாக்குலாட்டா ஒருமுறைகூடத் தோற்கவில்லை. அந்த ஆட்டத்தில் எதிரணியான வெஸ்ட் செஸ்டர் அதே செஸ்டர் வட்டாரத்துக் கல்லூரி. உடற்கல்வி ஆசிரியைகளை உருவாக்குவதில் பெயர்பெற்ற அரசு நிறுவனம். ரஷ் படித்த இடமும் அதுவே. தோல்வியின் அளவைப் பார்த்தால் பருவம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மண்டலத்தில் இரண்டாம் இடம் பெற்ற அணிக்கும் தேசியப் போட்டியில் இடம் இருந்தது. அழைப்பு முறை நீடித்திருந்தால், 32 புள்ளிகளில் தோற்ற பெயரறியாக் கல்லூரியை யாரேனும் அழைத்திருப்பார்களா என்பது ஐயமே. வாய்ப்பைத் தந்தது ஒரு விதி. அதை எழுதியவர்கள் ‘விளையாட்டு நாள்’ மரபில் வளர்ந்து, ஒரே தோல்வியால் ஓர் அணியை அழித்துவிடக் கூடாது என்று நம்பிய பெண்கள்.

இடம் கிடைத்தது, பணம் இல்லை. மாணவியர் பல்துலக்கும் தூரிகைகள் விற்று நிதி திரட்டினர். எட்டு ஆட்டக்காரர்களை அனுப்பவே அது போதுமானதாக இருந்தது. எஞ்சியோர் ஊரில் தங்கினர். விமானத்தில் இருக்கை காலியாக இருந்தால் மட்டுமே ஏறக்கூடிய மலிவான சீட்டில் அவர்கள் பயணித்தனர். நார்மலில் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று அரையிறுதியை எட்டியபோது, எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியனான மிசிசிப்பி மகளிர் கல்லூரி நின்றது. 46–43 என்று தப்பிப் பிழைத்தது இம்மாக்குலாட்டா. இறுதியாட்டத்தில் வெஸ்ட் செஸ்டரை 52–48 என வென்றது. 32 புள்ளிப் பள்ளத்தைச் சில நாள்களில் நிரப்பிய அந்த நான்கு புள்ளிகளே அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தின் முதல் முறையான சாம்பியனைத் தீர்மானித்தன. பருவத்தின் கணக்கு: 24 வெற்றி, 1 தோல்வி.

மூன்று மாதங்கள் கழித்து, 1972 ஜூன் 23 அன்று, கல்வித் திருத்தச் சட்டம் கையொப்பமாயிற்று. அரசு நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று விதித்த அதன் ‘டைட்டில் ஒன்பது’ பகுதி ஆங்கிலத்தில் 37 சொற்கள் கொண்டது. அவற்றுள் விளையாட்டு என்ற சொல் இல்லை. எனினும் அதிகம் மாற்றியது விளையாட்டையே. 1971–72இல் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற மாணவியர் சுமார் 2,94,000 பேர். அப்பத்தாண்டின் முடிவுக்குள் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக் கடந்தது. இச்சட்டத்தின் நன்மையைக் குறைத்து மதிப்பிட எந்த வரலாற்றாசிரியருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்த நன்மையின் விலையை யார் செலுத்தினார்கள் என்பதும் வரலாற்றின் கேள்வியே. மகளிர் சங்கம் தொடக்கத்தில் விளையாட்டுக்கான உதவித்தொகையைத் தடைசெய்திருந்தது. ஆடவர் விளையாட்டைக் கெடுத்தது அதுவே என்பது அதன் நிலைப்பாடு. ஆடவருக்குக் கிடைப்பது எங்களுக்கு ஏன் இல்லை என்று ஃபுளோரிடாவில் மாணவியர் 1973இல் நீதிமன்றம் சென்றனர். நியாயமான கேள்வி. சங்கம் தன் விதியைத் தளர்த்தியது. அந்நாள் முதல் சிறந்த ஆட்டக்காரர்கள் உதவித்தொகை தரும் நிறுவனங்களை நோக்கி நகர்ந்தனர். உதவித்தொகை தராத இம்மாக்குலாட்டா 1973, 1974 ஆண்டுகளிலும் பட்டம் வென்றது. 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அது குயின்ஸ் கல்லூரியோடு மோதிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 12,000 பேர் திரண்டனர். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் இறுதியாட்டங்களில் லூசியா ஹாரிஸ் ஆடிய டெல்டா மாநில அணியிடம் தோற்றது. டெல்டாவும் சிறிய நிறுவனமே. 1978இல் லாஸ் ஏஞ்சலிசின் யு.சி.எல்.ஏ. வென்றபோதுதான் காலம் மாறியது தெளிவாயிற்று. பட்டம் பெரும் பல்கலைக்கழகங்களின் கைக்குப் போய்விட்டது. கேத்தி ரஷ் அதற்கு முந்தைய ஆண்டே விலகியிருந்தார்.

சங்கத்தின் முடிவும் நெருங்கியது. டைட்டில் ஒன்பதை எதிர்த்து வந்த ஆடவர் அமைப்பான என்.சி.ஏ.ஏ., சட்டம் நிலைத்துவிட்டது என்று கண்டதும் மகளிர் போட்டிகளைத் தானே நடத்த முன்வந்தது. அதனிடம் பணமும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் இருந்தன. 1982 மார்ச்சில் இரு சாம்பியன் போட்டிகள் ஒரே வேளையில் நடந்தன. என்.சி.ஏ.ஏ.வின் முதல் மகளிர் பட்டத்தை லூசியானா டெக் வென்றது. இறுதியாட்டத்தில் அதனிடம் தோற்றது பென்சில்வேனியாவின் செய்னி என்னும் சிறிய கறுப்பினக் கல்லூரி. அப்படியொரு கல்லூரி அந்த இறுதியாட்டத்தை எட்டியது அதுவே முதலும் இதுவரை கடைசியும். மகளிர் சங்கத்தின் இறுதிப் பட்டம் ஃபிலடெல்ஃபியாவில் தீர்மானமாயிற்று. ரட்கர்ஸ் அணி டெக்சாசை வென்றது. அதன் பயிற்றுநர் தெரசா ஷாங்க் கிரென்ட்ஸ். சங்கத்தின் முதல் சாம்பியன் அணியில் ஆடியவரே கடைசிச் சாம்பியன் அணியையும் உருவாக்கினார். விரைவில் சங்கம் கலைந்தது.

சட்டம் வருமுன் கல்லூரி மகளிர் அணிகளின் பயிற்றுநருள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள். ஊதியம் உயர்ந்ததும் அப்பணிகளுக்கு ஆண்கள் வந்தனர். பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆடும் பெண்கள் பெருகிய அதே காலத்தில் ஆட்டத்தை ஆளும் பெண்கள் குறைந்தனர். சமத்துவமும் தன்னாட்சியும் எப்போதும் கைகோத்து வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கல்வி வரலாற்றில் அரிது. ஒடுக்கப்பட்டோர் தமக்கெனக் கட்டிய நிறுவனங்கள் பொது அமைப்போடு இணையும்போது எவற்றைத் தம்மோடு கொண்டுசெல்ல வேண்டும் என்று பேரம் பேசாவிட்டால், வாயில் திறக்கும், வீடு கைமாறும்.

கூடைப்பந்துப் புகழவை 2014இல் இம்மாக்குலாட்டா அணியைத் தன் பட்டியலில் சேர்த்தது. அப்பெருமையைப் பெற்ற முதல் கல்லூரி மகளிர் அணி அது. அந்தக் கௌரவம் அவர்களுக்கு உரியதே. அதன் நிழலில் வேறு சிலரும் நிற்கிறார்கள்: மண்டலங்களைப் பிரித்தவர்கள், விதிகளை எழுதியவர்கள், இரண்டாம் இடத்துக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்தவர்கள். அந்த நாற்காலி இல்லாதிருந்தால் 1972இன் இம்மாக்குலாட்டா, 32 புள்ளிகளில் தோற்ற ஓர் அணியாக மட்டுமே பழைய ஏடு ஒன்றில் எஞ்சியிருக்கும்.