பெண்கை எழுத்து

ஜப்பானின் சைத்தாமா மாநிலத்துப் பழங்கல்லறை மேடு ஒன்றிலிருந்து 1968ஆம் ஆண்டில் துருவேறிய இரும்பு வாள் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1978இல் எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, அதன் இரு பக்கங்களிலும் பொன் பதித்துப் பொறித்த 115 எழுத்துகள் வெளிப்பட்டன. கி.பி. 471ஆம் ஆண்டினது என்று அறிஞர் பலரும் கொள்ளும் அந்தக் கல்வெட்டு அனைய வாள்வெட்டு சீன மொழியில் அமைந்தது. எனினும் வாளுக்கு உரியவன் தன் முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லுமிடத்தில் சீன எழுத்துகள் பொருளை இழந்து வெற்றொலிகளாக நிற்கின்றன. சொந்தப் பெயரைச் சீனமாக மொழிபெயர்க்க அவனுக்கு மனம் வரவில்லை போலும். தனக்கென எழுத்தில்லாத ஒரு மொழி அயலார் எழுத்தினுள் நுழைந்த வழி இதுவே.

வழி எளிதாக இருக்கவில்லை. 712ஆம் ஆண்டில் ‘கொஜிகி’ என்னும் பழங்கதைத் தொகுப்பை எழுதி முடித்த ஓ நோ யசுமாரோ, அதன் முன்னுரையில் தம் இடர்ப்பாட்டை முறையிடுகின்றார். சீன எழுத்தைப் பொருளுக்காக ஆண்டால் சொல் உள்ளத்தை எட்டுவதில்லை. ஒலிக்காக ஆண்டால் எழுதுவது நீண்டுகொண்டே போகின்றது. இரண்டையும் கலந்தே அவர் எழுதினார்.

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்ற ‘மன்யோஷு’ என்னும் மாபெரும் தொகைநூலிலும் இக்கலவையே காணப்படும். இருபது பகுதிகள், ஏறத்தாழ 4,500 பாக்கள், பேரரசர் முதல் தொலைதூரக் கரைக்காவலுக்கு அனுப்பப்பட்ட படைவீரர் வரை பாடியவை. எழுதியோர் எழுத்தோடு விளையாடவும் செய்தனர். ‘சிசி’ என்பது வேட்டை விலங்கைக் குறிக்கும் சொல். ‘சி’ என்றால் நான்கு. ஆகவே சிசி என்று எழுதவேண்டிய இடத்தில் ‘பதினாறு’ என்று எழுதி, நந்நான்கு பதினாறு எனப் படிப்பவனே கணக்கிட்டுக் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டனர்! இத்தகைய குறும்புகளால், இருநூறு ஆண்டுகளுக்குள் அந்நூலைப் படிக்கத் தெரிந்தோர் அருகிப் போயினர்.

ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கியதும் தாய்மொழிப் பாவுக்கு அரசவையில் இடமில்லாது போயிற்று. 814, 818, 827 ஆகிய ஆண்டுகளில் பேரரசரின் ஆணையால் தொகுக்கப்பெற்ற மூன்று நூல்களும் சீனக் கவிதைத் தொகுப்புகள். பதவியை விரும்பிய ஆண்மகன் சீனத்தில் பாடினான். ஆவணமும் நாட்குறிப்பும் சீனத்தில் எழுதினான். ‘வகா’ எனப்படும் 31 ஒலியசைப் பா எங்கே போயிற்று? காதலர் ஓலைகளில் ஒதுங்கியது. ஆடவனும் பெண்ணும் இரவில் கூடி விடியலில் பிரிந்தபின் ஒரு பா அனுப்புவதும், மறுபாவுக்குக் காத்திருப்பதும் அக்கால வழக்கு. பெண்ணுக்குச் சீனக் கல்வி தகாது என்று விலக்கியிருந்தமையால், அவளுக்கு எழுதும் ஆடவன் தாய்மொழியில் எழுதியே ஆகவேண்டும்.

அந்த ஓலைகளில்தான் எழுத்தும் உருமாறியது. சீன எழுத்துகளை விரைந்து, வளைத்து, கோடுகளைக் குறைத்து எழுத எழுத அவை மெலிந்து ஒலிகளை மட்டும் குறிக்கும் ‘கனா’ ஆயின. அமைதி என்னும் பொருளுடைய சீன எழுத்து, தன் பொருளைத் துறந்து ‘அ’ ஆயிற்று. சீன எழுத்துக்கு ஆண்கை என்றும், இப்புதிய எழுத்துக்குப் பெண்கை என்றும் பெயர். (கனாவைப் பிற்காலத்தில் அ, இ, உ, எ, ஒ எனவும் க, ச, த, ந எனவும் நிரல்படுத்தியது, வடமொழி எழுத்தைக் கற்ற பௌத்தத் துறவியரின் இந்திய ஒலியறிவு என்பதும் இங்கு நினையத்தக்கது.)

905ஆம் ஆண்டில் பேரரசர் தைகோவின் ஆணைப்படி ‘கொகின்ஷு’ தொகுக்கப்பெற்றது. ஏறத்தாழ 1,100 பாக்கள் கொண்டது. தொகுத்தோர் நால்வருள் தலையாயவர் கி நோ த்சுராயுகி. அவர் கனாவிலேயே எழுதிய முன்னுரையில், பா காதல் வேட்கையரின் இல்லங்களில் புதையுண்டு, அவைக்குக் காட்டத்தகாத பொருளாய்த் தாழ்ந்ததென வருந்துகின்றார். அவர் இழிவெனக் கருதிய அந்த இடமே பாவைக் காத்த இடம் என்பதை அவர் சொல்லவில்லை. தொகையில் காதலுக்கு ஐந்து பகுதிகள் ஒதுக்கினார். ஓனோ நோ கொமாச்சி, இசே முதலான பெண்பாற் புலவரைச் சேர்த்தார். ஐந்தில் இரண்டு பங்கு பாக்கள் பாடியோர் பெயர் அறியப்படாதவை.

சொல்லாமல் விட்டதை முதுமையில் அவரே செய்து காட்டினார். ஷிகொகுத் தீவின் தோசா நாட்டில் ஆளுநர் பணி முடித்து, 934ஆம் ஆண்டு இறுதியில் தலைநகர் நோக்கிப் புறப்பட்டவர், அந்த 55 நாள் பயணத்தைத் ‘தோசா நாட்குறிப்பு’ என்று எழுதினார். பரிவாரத்துப் பெண் ஒருத்தி கனாவில் எழுதுவது போல எழுதினார். தலைநகரிலிருந்து தோசாவுக்கு உடன் சென்ற சிறுமகள் அங்கேயே இறந்துபட, பெற்றோர் வெறுங்கையராய்த் திரும்பும் துயரம் அதன் உள்ளோட்டம். அலுவல் மொழியாகிய சீனத்தில் அந்த அழுகை அடங்கியிராது.

அடுத்த நூற்றாண்டில் பெண்களே அவ்வெழுத்தைத் தமதாக்கினர். ‘கெஞ்சி கதை’யை இயற்றிய முரசாகி ஷிகிபு, தம்பிக்குத் தந்தை சீனம் கற்பிக்கையில் அருகிருந்து கேட்டே தேர்ந்தவர், இவள் ஆணாய்ப் பிறக்கவில்லையே என்று தந்தை வருந்தினாராம். அவையிலோ ‘ஒன்று’ என்னும் ஒற்றைக் கோட்டைக்கூட எழுதத் தெரியாதவர்போல் நடித்தார். பிறர் இல்லாத நேரம் பார்த்துப் பேரரசி ஷோஷிக்குச் சீனக்கவி பை ஜூயியின் பாக்களைக் கற்பித்தார். முரசாகி என்பது அவருடைய இயற்பெயரன்று. அக்கால எழுத்தாளர் வேறு இருவர் மிச்சிசுனாவின் தாய் என்றும், தகசுவேயின் மகள் என்றும் மட்டுமே இன்று அறியப்படுகின்றனர்.

1235ஆம் ஆண்டில், கியோத்தோவின் ரெங்கெயோ-இன் கோயில் கருவூலத்துச் சுவடியாகத் த்சுராயுகியின் கைப்பட்ட தோசா நாட்குறிப்பு, புலவர் புஜிவாரா நோ தெய்காவின் கைக்கு எதிர்பாராது வந்தது. அகவை 74, நோயாளி, கண் பார்வை இல்லையென்றே சொல்லும் நிலை. இரண்டு நாள்களில் படியெடுத்து முடித்தார். தாளின் அளவைக் குறித்து வைத்தார். பழையவர் எழுதிய கை எவ்வாறிருந்தது என்பதைப் பின்வருவோர் அறியும்பொருட்டு, இறுதிப் பகுதியை மட்டும் தம் எழுத்தில் எழுதாமல், மூலத்தின் வளைவுகளை அப்படியே பார்த்து வரைந்தார். மூலச்சுவடி பின்னாளில் மறைந்துபோயிற்று. தெய்காவின் படி இருக்கின்றது.