அம்பத்தூர் வானில் முத்துநிற மேகம்

மே மாத மாலை ஒன்றில் அம்பத்தூரில் வீட்டு மொட்டைமாடியில் நின்றிருந்தேன். மேற்கே, ஆவடிப் பக்கம் எழுந்த இடிமேகம் சூரியனை மறைத்திருந்தது. அதன் உச்சியில் படிந்த மெல்லிய மேகத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் சிப்பியின் உட்புறம்போல மின்னின. தொழிற்பேட்டைப் புகைதான் இப்படி நிறம் காட்டுகிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கைப்பேசிக்கு வந்த செய்தியோ அதை நிலநடுக்கத்தின் அறிகுறியாக்கியிருந்தது. இரண்டுமே பிழை.

இடிமேகம் விரைந்து வளரும்போது, மேலேயுள்ள ஈரக்காற்று உந்தப்பட்டுக் குளிர்ந்து தொப்பிபோல் ஒரு மேகமாகிறது. அதன் துளிகள் மிக நுண்ணியவை. ஏறத்தாழ ஒரே அளவினவை. அவற்றின் விளிம்பில் ஒளி வளையும்போது நிறங்கள் பிரிகின்றன. வானவில் சூரியனுக்கு எதிர்ப்புறம் தோன்றும். இது சூரியனுக்கு அருகில் தோன்றும். எனவே, சூரியன் மறைந்திருக்கும்போது மட்டுமே இதைப் பார்க்க வேண்டும். மின்னல் வெட்டத் தொடங்கினால் மாடியில் நிற்கவே கூடாது.

அறிவியலில் முத்துமேகம் எனப்படுவது வேறு. அது துருவப் பகுதிகளின் குளிர்காலத்தில், 15 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிரில் உருவாவது. பூவிருந்தவல்லியில் அதற்கு வாய்ப்பில்லை. பழைய குளிர்ப்பெட்டிகளிலிருந்து கசிந்த வாயுக்களின் குளோரின், அந்த மேகத் துகள்களின் மேல்தான் ஓசோனை அழிக்கும் வடிவம் பெறுகிறது. 1985இல் உலகறிந்த அண்டார்க்டிகா ஓசோன் துளைக்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரரின் ரசாயன ஐயம் அங்கே ஓரளவு பொருந்தும்.