குக்ரியின் உறை யார் தைத்தது?

இரவில் விசில் ஊதிக்கொண்டு தெருவைச் சுற்றிவரும் கூர்க்காவை நம் ஊர்களில் அறியாதவர் இல்லை. கூர்க்கா என்றதும் இடுப்பில் செருகிய வளைந்த கத்தியும் நினைவுக்கு வரும். அந்தக் குக்ரியை உறையிலிருந்து உருவினால் ரத்தம் பார்க்காமல் திரும்ப வைக்கக்கூடாது என்று ஒரு கதை உண்டு. அது உண்மையென்றால் நேபாளத்தில் ஒருவரும் விறகு வெட்ட முடியாது! குக்ரி அங்கே வீட்டுக்கத்தி, காட்டுக்கத்தி, ஆடு அறுக்கும் கத்தி, எல்லாம்தான்.

1814-16 போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இந்தக் கத்தியின் முன் திணறியது. போர் முடியும் முன்பே, 1815இல், கம்பெனி கூர்க்காக்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கியது. அதன்பின் குக்ரியின் வீரத்தைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிக் குவித்தார்கள். அதைச் செய்த கைகளுக்கு அந்தப் பெருமையில் பங்கு கிடைக்கவில்லை.

இரும்பை அடித்து அலகு செய்தவர்கள் காமி சாதியினர். உறை தைத்தவர்கள் சார்க்கி சாதியினர். இரண்டுமே தீண்டப்படாத சாதிகள்.

உறை செய்வது லேசான வேலை இல்லை. நேரான வாளுக்கு உறை செய்வது ஒன்று. நடுவில் முறிந்து வளைந்து, வயிறு பெருத்த அலகுக்குச் செய்வது வேறு. இரண்டு மரத்துண்டுகளை அந்த வளைவுக்கேற்பக் குடைய வேண்டும். குடைவு இறுக்கமாக இருந்தால் கத்தி வராது, தளர்வாக இருந்தால் ஓடும்போது நழுவி விழும். இரண்டையும் சேர்த்து, ஈரத்தோலை இழுத்துப் போர்த்திப் பின்பக்கம் தைப்பார்கள். பெரும்பாலும் எருமைத்தோல். காயும்போது தோல் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். நுனிக்கு உலோகக் குப்பி. பின்புறப் பையில் இரண்டு குட்டிக் கருவிகள்: கர்தா என்ற சிறுகத்தி, தீப்பொறி எழுப்பவும் கத்தியைத் தீட்டவும் உதவும் சக்மக். உருவும்போது கூர்ப்பக்கத்தை விரல்களால் சுற்றிப் பிடிக்கக்கூடாது என்று பழக்குவார்கள். உறை பிளந்தால் விரல் போய்விடும். ஆக, கூர்க்காவின் விரல்களைக் காத்தது சார்க்கியின் தையல்.

1854இல் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுகி ஐன் என்ற சட்டம் சாதி வரிசையை அரசின் சட்டமாகவே எழுதிவைத்தது. காமி, சார்க்கி கையால் தண்ணீர் வாங்கக்கூடாது; அவர்களைத் தொட்டால் நீர் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டும். மனு சொன்னார், மரபு சொன்னது என்று மழுப்ப இடமில்லை. அரசாங்கம் எழுதியது, மீறினால் தண்டனை.

தசைன் திருவிழாவின் நவமியன்று ஆயுதங்களுக்குப் பூசை நடக்கும். செத்த மாட்டைத் தொட்ட கை தீட்டு; அந்தக் கை தைத்த தோல் இடுப்பில் ஏறினால் அழகு; அது காக்கும் கத்தியோ பூசைக்குரியது. தீட்டு தோலில் இருந்ததா, தைத்தவனிடம் இருந்ததா?

பிரிட்டிஷாரும் இதை மாற்றவில்லை. மகர், குருங், ராய், லிம்புகளைப் போர்க்குடிகள் என்றார்கள். காமி, சார்க்கிகளைப் போர்வீரர்களாகச் சேர்க்க வேண்டாம், கைவினை வேலைக்கு மட்டும் எடுங்கள் என்பதே ஆள்சேர்ப்பில் அவர்கள் வைத்த விதி. ஆயுதம் ஏந்தும் உரிமை மறுக்கப்பட்டதால்தான் ஒடுக்கப்பட்டவர்களால் கிளர்ந்தெழ முடியவில்லை என்று 'சாதி ஒழிப்பு' நூலில் (1936) அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். நேபாளம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆயுதத்தைச் செய்யவைத்து, தீட்டவைத்து, உறையும் போடவைத்து, பிறகு பிடுங்கிக்கொண்டது. கூலி? அறுவடைக்குப் பின் ஆண்டுக்கொருமுறை அளக்கும் தானியம். பாலிகரே என்று அதற்குப் பெயர். நம் ஊரில் களத்துமேட்டில் காத்து நின்ற தாத்தாக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1963இல் புதிய முலுகி ஐன் வந்து, சாதிக்கொரு தண்டனை என்ற முறை போனது. 2006இல் நாடாளுமன்றம் நேபாளத்தைத் தீண்டாமையற்ற நாடு என்று அறிவித்தது. இடையில், 1999-2000 வாக்கில், தெற்குச் சமவெளியின் சிரஹா, சப்தரி மாவட்டங்களில் சமார் மக்கள் செத்த மாட்டைத் தூக்கமாட்டோம் என்றபோது ஆதிக்க சாதியினர் அவர்களுக்குக் கடையையும் வழியையும் அடைத்தார்கள். 2020 மே மாதம், மேற்கு ரூக்குமில், தான் காதலித்த ஆதிக்க சாதிப் பெண்ணை அழைத்துவர நண்பர்களோடு போன இளைஞரை ஊரே திரண்டு விரட்டியது. அவரையும் சேர்த்து ஆறு பேர் பேரி ஆற்றங்கரையில் செத்தார்கள். அந்த இளைஞர் காமி. குக்ரி அடிக்கும் சாதி.