கொடிவழித் தரவுச் சீராக்கம்

கொடிவழித் தரவுச் சீராக்கம் என்பது, ஒரு கொடிவழி மென்பொருளில் சேர்த்து வைக்கப்பட்டுள்ள குடும்ப மரத் தரவை வேறொரு மென்பொருளுக்கு மாற்றுவதற்கு முன், பிழை நீக்கி ஒழுங்குபடுத்தும் பணியாகும். பெயர்கள், உறவுகள், நாட்கள், இடங்கள், சான்றுகள் ஆகியன இதில் சரிபார்க்கப்படுகின்றன. பெரும்பாலான கொடிவழி மென்பொருள்கள் மேலை நாட்டுப் பெயரிடு முறையை அடிப்படையாகக் கொண்டவை. ஆகையால் தமிழ்க் குடும்பங்களின் தரவை மாற்றும்போது தனியான சில சிக்கல்கள் எழுகின்றன. இக்கட்டுரையில் சேலம், நாமக்கல் பகுதியிலிருந்து, குறிப்பாகச் சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற இளம்பிள்ளை வட்டாரத்திலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்படுகின்றன.

தேவை

கொடிவழி மென்பொருள்கள் நிலைத்திருப்பவை அல்ல. பெரிதும் பயன்படுத்தப்பட்ட இலவச மென்பொருளான பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் 2013 இல் கைவிடப்பட்டது. தி மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட் 2014 இல் நிறுத்தப்பட்டது. ஒரு மென்பொருளின் உள் கோப்பு வடிவத்தைப் பிற மென்பொருள்கள் படிக்க இயலாதபோது, அதில் பதிந்த தகவல் அதனுடனேயே முடங்கிவிடும். அத்தகவலைக் கூறிய முதியோர் மறைந்திருந்தால் அதை மீண்டும் திரட்டவும் வழியில்லை.

ஜெட்காம் சீர்தரம்

மென்பொருள்களுக்கிடையே கொடிவழித் தரவைப் பரிமாற ஜெட்காம் என்ற உரைக்கோப்புச் சீர்தரம் பயன்படுகின்றது. இதைப் பிந்தைய நாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை 1984 இல் உருவாக்கியது. இதன் 5.5 பதிப்பு 1996 இலும், 5.5.1 வரைவு 1999 இலும், 7.0 பதிப்பு 2021 இலும் வெளிவந்தன. இக்கோப்பின் ஒவ்வொரு வரியும் ஒரு படிநிலை எண்ணுடன் தொடங்கும். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பதிவும், ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு பதிவும் இருக்கும். ஓர் ஆள் ஒரு குடும்பத்தில் பிள்ளையாகவும், மற்றொன்றில் கணவராகவோ மனைவியாகவோ இணைக்கப்படுகின்றார்.

மென்பொருள்கள் தாமாகச் சேர்த்துக்கொண்ட புலங்கள் இக்கோப்பில் அடிக்கீறுடன் தொடங்கும் தனிக்குறிகளாக எழுதப்படுகின்றன. பிற மென்பொருள்கள் இவற்றைப் புறக்கணிக்கக்கூடும். குலதெய்வம், கூட்டம் போன்ற விவரங்கள் பெரும்பாலும் இத்தகைய புலங்களிலேயே வைக்கப்படுவதால், அவற்றை முன்கூட்டியே பொதுக்குறிப்புகளாக மாற்றிவிடுவது நல்லது.

பெயர்கள்

ஜெட்காமில் குடும்பப் பெயர் இரு சாய்கோடுகளுக்கு இடையே எழுதப்படுகின்றது. தமிழ் வழக்கில் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கின்றது. பதிவாளர்கள் சிலர் தந்தை பெயரையும், சிலர் சாதிப் பெயரையும், சிலர் ஊர்ப் பெயரையும் அந்தப் புலத்தில் இடுகின்றனர். ஒரே மரத்தில் இவை கலந்திருந்தால் தேடலும் வரிசைப்படுத்தலும் பயனற்றுப் போகும். எனவே ஒரே முறையைத் தேர்ந்து எல்லாப் பதிவுகளிலும் பின்பற்ற வேண்டும்.

பெண்களின் முதலெழுத்து பல குடும்பங்களில் மணத்திற்குப் பின் கணவர் பெயருக்கேற்ப மாறுகின்றது. தந்தை பெயரிலான முதலெழுத்தை முதன்மைப் பெயராகவும், மற்றதை மாற்றுப் பெயராகவும் பதிந்தால் பிறந்த குடும்பத்துடனான தொடர்பு அறுபடாது. பெயர்ப் புலத்தில் "அம்மாயி", "அப்புச்சி" என உறவுச்சொல் மட்டும் இருப்பதும் உண்டு. அது பதிந்தவரை வைத்தே பொருள் தருவதாகும். மற்றவர் மரத்துடன் சேரும்போது பொருளிழக்கும். இயற்பெயர் தெரிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டிய பதிவுகள் இவையே.

இரட்டைப் பதிவுகள்

பேரனுக்குப் பாட்டனின் பெயரிடும் வழக்கம் பெரும் குழப்பத்திற்குக் காரணமாகின்றது. கந்தசாமியின் மகன் க. பழனிச்சாமி. அவருடைய மகனுக்குப் பாட்டன் பெயரிட்டால் ப. கந்தசாமி. அவருடைய மகனோ மீண்டும் க. பழனிச்சாமி. பெயர், முதலெழுத்து, ஊர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருப்பதால், இரட்டைப் பதிவுகளைத் தேடும் கருவி பாட்டனையும் பேரனையும் ஒருவரே எனப் பரிந்துரைக்கக்கூடும். இதை ஏற்று இணைத்துவிட்டால், ஒருவர் தமக்கே மூதாதையர் ஆகும் சுழற்சி உண்டாகும்.

மறுபுறம், அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் ஆகியோரை மணக்கும் வழக்கத்தால் ஒரே ஆள் தந்தை வழியிலும் தாய் வழியிலும் தோன்றுவார். இரு வழிகளையும் தனித்தனியே பதிந்திருந்தால் அவருக்கு இரு பதிவுகள் இருக்கும். இவற்றை இணைக்கத்தான் வேண்டும். மென்பொருள் காட்டும் உறவு எச்சரிக்கைகளைப் பிழையெனக் கொண்டு இத்தகைய இணைப்புகளை நீக்கக்கூடாது.

பெயரை மட்டும் கொண்டு இணைக்காமல், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்துகின்றனவா எனப் பார்ப்பது பாதுகாப்பானது. ஐயமிருந்தால் இரண்டாகவே விட்டுவிடலாம். இரட்டைப் பதிவைப் பின்னர் இணைப்பது எளிது. தவறாக இணைத்ததைப் பிரிப்பது கடினம்.

நாட்கள்

பழைய குறிப்புகளிலும் சாதகங்களிலும் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டுமே இருப்பதுண்டு. இப்பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருகின்றன. பார்த்திப ஆண்டு 1945-46 ஐயும் 2005-06 ஐயும் குறிக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் பாட்டனும் பேரனும் பார்த்திப ஆண்டிலேயே பிறந்திருக்கவும் கூடும். மேலும், தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், 1945 இல் தொடங்கிய பார்த்திப ஆண்டின் மாசி மாதம் 1946 இல் அமையும்.

மூலத்தில் உள்ளதைக் குறிப்பாக அப்படியே வைத்துக்கொண்டு, கணித்த நாளைத் தனியே பதிய வேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்தால் சனவரி 1 என இட்டு நிரப்புவது தவறு. ஜெட்காமில் சுமார், முன், பின், இடையில் எனக் குறிக்க வசதி உண்டு.

இடப்பெயர்கள்

நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 1960 இல் திருச்செங்கோட்டில் பிறந்தவரின் ஊர் அன்று சென்னை மாநிலத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்று தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. நிகழ்வு நடந்த காலத்து ஆட்சிப் பிரிவைப் பதிவதா, இன்றையதைப் பதிவதா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். 2001 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருளான கிராம்ப்ஸ், ஓர் இடம் எந்தக் காலத்தில் எந்தப் பிரிவில் இருந்தது எனப் பதிய இடமளிக்கின்றது.

எழுத்துப்பெயர்ப்பும் ஒரு சிக்கலாகும். இளம்பிள்ளை ஆங்கிலத்தில் ஐ, ஈ ஆகிய இரு எழுத்துகளாலும் தொடங்கி எழுதப்படுகின்றது. இதனால் ஓர் ஊரே பட்டியலில் இரண்டாகத் தோன்றும்.

எழுத்துக் குறியாக்கம்

பழைய கோப்புகளில் தமிழ் உரை டிஸ்கி, டாப், டாம் அல்லது பாமினி போன்ற எழுத்துரு சார்ந்த குறியாக்கங்களில் இருக்கலாம். இவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஏற்றுமதியில் ஆன்செல் என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தால் தமிழ் எழுத்துகள் அழிந்துவிடும். அது இலத்தீன் எழுத்துகளுக்கானது. யூடிஎஃப்-8 தேர்வே ஏற்றது. ஜெட்காம் 7.0 இல் அது ஒன்றே ஏற்கப்படுகின்றது.

ஒருங்குறியிலும் "ஔ" என்ற எழுத்துக்கு மாற்றாக "ஒ", "ள" என இரு எழுத்துகள் தட்டப்படுவதும், "ஸ்ரீ" இரு வேறு வரிசைகளில் அமைவதும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இவை கணினிக்கு வெவ்வேறு சொற்கள் ஆகும்.

செயல்முறை

1. மூலக் கோப்பின் படியை எடுத்து, மாற்றாமல் தனியே வைத்தல்.
2. பழைய மென்பொருள் இயங்கும்போதே குறியாக்கம், பெயர், இடம், நாள் என்ற வரிசையில் சீராக்குதல். இரட்டைப் பதிவுகளை இறுதியில் இணைத்தல்.
3. சிறு கிளை ஒன்றை மட்டும் ஏற்றுமதி செய்து சோதித்தல்.
4. முழுமையாக மாற்றியபின் ஆட்கள், குடும்பங்கள், சான்றுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையை இரு மென்பொருள்களிலும் ஒப்பிடுதல்.
5. படங்களைச் சரிபார்த்தல். ஜெட்காம் 5.5.1 கோப்பில் படத்தின் பாதை மட்டுமே இருக்கும். படக் கோப்புகளைத் தனியே படியெடுக்க வேண்டும்.

மரத்தைப் பிறருடன் பகிர்வதாயின், உயிருடன் உள்ளோரின் பிறந்த நாள், முகவரி முதலியவற்றை நீக்கிய தனிப்படியைத் தருவது வழக்கம். இறந்தவர்களின் இறப்பு குறிக்கப்படாமலிருந்தால் மென்பொருள் அவர்களையும் உயிருடன் உள்ளவர்களாகக் கருதி மறைத்துவிடும். நாள் தெரியாவிடினும் "இறந்தார்" என்றேனும் பதிவது இதனால் தேவையாகின்றது.