ஆம்னி வேனில் எஞ்சின் விட்டுவிட்டு நின்றுபோதல்

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் சொல்லாமல் நின்று, கால்மணி நேரம் பொறுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பி, மறுநாள் வேறோர் இடத்தில் மறுபடி நிற்கும் பழுது இது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பட்டறைகளில் ‘ரன்னிங்ல ஆஃப் ஆகுது’ என்பார்கள். பழைய பெட்ரோல் வண்டி எதற்கும் வரக்கூடியதுதான். ஆனால் சென்னையின் தென் புறநகரில் பள்ளிக்கூட வேனாகவும் காய்கறி வண்டியாகவும் நெடுங்காலம் உழைத்த மாருதி ஆம்னியில் இதற்குத் தனிப் போக்கு ஒன்று உண்டு. எஞ்சின் இருக்கும் இடமே அதற்குக் காரணம்.

ஆம்னியின் மூலம் 1979இல் ஜப்பானில் வெளிவந்த சுசுகி கேரி. அந்நாளைய ஜப்பானியச் சிறுவண்டி விதிகள் நீளத்தை 3.2 மீட்டருக்குள்ளும் எஞ்சினை 550 சிசிக்குள்ளும் அடக்கின. அந்த நீளத்தில் எஞ்சினுக்கென்று தனி மூக்கு வைத்தால் சரக்குக்கு இடம் குறையும். ஆகவே எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் போனது. 1981இல் தொடங்கப்பட்ட மாருதி உத்யோக் 1983 டிசம்பரில் 800 காரையும், அடுத்த ஆண்டு இந்த வேனையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானிய விதி இங்கே செல்லாது என்பதால் 800 காரின் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினே வேனிலும் ஏறியது. கூட்டின் அமைப்பு மட்டும் அந்த விதியின் கணக்கோடு வந்து சேர்ந்தது. 1988இல் ஆம்னி என்று பெயர் மாறியது. தொடக்கத்தில் கார்புரேட்டர், எஞ்சினோடு இணைந்த மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப், பாயின்டும் கண்டென்சரும் கொண்ட டிஸ்ட்ரிபியூட்டர். 2000ஐ ஒட்டி மாசு விதிகள் இறுகியபின் எம்பிஎஃப்ஐ எனும் எரிபொருள் பீய்ச்சும் முறை. இடையில் கேஸ் வண்டிகள். எரிபொருள் தரும் முறை மாறினாலும் எஞ்சின் இருக்கும் பெட்டி மாறவில்லை. ஜப்பானின் கோடைக்கு வரைந்த அந்தப் பெட்டிதான், மீனம்பாக்கத்தில் வெயில் 40 பாகையைத் தாண்டும் கத்திரி நாட்களில் ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஊர்ந்தது.

இத்தகைய பழுதைக் கண்டறிவதில் உள்ள சிக்கல், பட்டறைக்கு வரும்போது அது இல்லாமலிருப்பதே. நல்ல நிலையில் ஓடும் எஞ்சினைச் சோதித்தால் நல்ல விடையே கிடைக்கும். எனவே எந்தப் பாகம் கெட்டது என்பதற்கு முன், எந்த நிலைமையில் நின்றது, எப்படி நின்றது என்று ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம்: இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ், காயில், எர்த். வெட்டி வெட்டி இழுத்து, ஆக்சிலேட்டரை மிதித்தும் வலுவிழந்து அடங்கினால் பெட்ரோல் பக்கம். சிக்னலில் கால் எடுத்தவுடன் மட்டும் அணைந்தால் ஐடிலிங் ஜெட்டையோ வேக்வம் கசிவையோ பார்க்கலாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் நேராகக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது பழைய பட்டறைப் பழக்கம். கார்புரேட்டர் குற்றவாளியாக இருப்பதைவிடக் கையெட்டும் இடத்தில் இருப்பதே அதற்குக் காரணம்.

சூட்டில் நிற்கும் ஆம்னியை ‘ஏர் லாக்’ என்று சொல்லி முடித்துவிடுவது இன்னும் பரவலான பழக்கம். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. எஞ்சினோடு இணைந்த பம்ப் பெட்ரோலை உறிஞ்சி இழுப்பதால் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். சூடான குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் ஆவியைத்தான் இழுக்கும். ஆனால் இந்த ஆவித் தடைக்கென்று ஒரு நேரம் உண்டு. வண்டியை அணைத்த பிறகு தண்ணீர் சுழற்சி நிற்பதால் இருக்கைக்கு அடியில் சூடு சிறிது நேரம் ஏறும். ஆகவே ஆவித் தடை நெரிசலில் ஊரும்போதும், டீ குடிக்க நிறுத்தி மறுபடி கிளப்பும்போதும்தான் தலைகாட்டும். வண்டலூர் தாண்டி, காற்று நன்றாக அடிக்கும் வேகத்தில் ஓடும்போதும் பட்டென்று நின்றால் அது ஆவித் தடை அல்ல. பெரும்பாலும் சூடேறியதும் உள்சுற்று விட்டுப்போகும் காயிலோ கண்டென்சரோதான். ஆறியதும் கிளம்புவது இரண்டுக்கும் பொது என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நின்ற அந்த நிமிடத்திலேயே, பெட்ரோல் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்தால் கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்பது தெரியும். பீய்ச்சினால் பெட்ரோல் இருக்கிறது. ஸ்பார்க்கைத் தேட வேண்டும். பீய்ச்சாவிட்டால் டாங்க் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

மின்சாரப் பக்கத்துக்கு மலிவான சாட்சி ஒரு 12 வோல்ட் பல்பு. காயிலின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒயர் இழுத்து டாஷ்போர்டில் பல்பைக் கட்டிவிட்டு, வண்டியை வழக்கம்போல் ஓட்டலாம். நிற்கும்போது பல்பும் அணைந்தால் குற்றம் சாவிக்கும் காயிலுக்கும் இடையில். தேய்ந்த இக்னிஷன் சுவிட்சில் கனமான சாவிக்கொத்தைத் தொங்கவிடுவோர் இங்கே அதிகம். பல்பு எரிந்துகொண்டே எஞ்சின் நின்றால் குற்றம் காயிலிலோ அதற்கு அப்பாலோ. கேஸ் வண்டி வைத்திருப்போருக்கு இந்தப் பல்புகூட அவ்வளவாகத் தேவைப்படாது. பெட்ரோலிலும் கேஸிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து இரண்டிலும் நின்றால் எரிபொருளைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். கேஸில் மட்டும் நின்றால் ரெடியூசரைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தால் ரெடியூசர் சூடு கிடைக்காமல் உறைந்துபோகும்.

மழைக்காலப் பழுது வேறு இனம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையில் பச்சை பூத்து, மாதங்கள் கழித்தும் தொல்லை கொடுக்கும்.

இத்தனை சோதனைக்குக் கூலி கொடுப்பதைவிட பாயின்ட், கண்டென்சர், பிளக் மூன்றையும் மாற்றிவிடுவது மலிவு என்ற வாதம் உண்டு. விலைக் கணக்கில் அது சரி. ஆனால் தானாக மறையும் பழுது, பாகத்தை மாற்றிய பின் மறைந்தது என்பது எதையும் நிரூபிக்காது. மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்பதும் தெரியாமல் போகும். போலிக் கண்டென்சர் மாட்டினால் பழைய பழுதோடு புதிதும் சேரும். எல்லாவற்றுக்கும் எத்தனால் பெட்ரோலே காரணம் என்பது இன்னொரு வாதம். எத்தனால் கலந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகும், பழைய ரப்பர் குழாயை அரிக்கும், டாங்கின் கசடைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும், மழைநீர் சேர்ந்தால் பிரிந்து அடியில் தங்கும். இவை உண்மையே. ஆனால் ஒரே பங்கில் பெட்ரோல் போட்ட வண்டிகளில் ஒன்று மட்டும் நிற்பதை எத்தனால் மட்டும் விளக்கிவிடாது. அது பலவீனமான குழாயையும் அடைந்த ஃபில்டரையும் முன்கூட்டியே வெளிப்படுத்துகிறது. அவற்றை மாற்றுவதே தீர்வு.

எம்பிஎஃப்ஐ ஆம்னிகளில் சென்சார், ரிலே, எலக்ட்ரிக் பம்ப் ஆகியவை சூட்டில் விட்டுப்போகும்; ஸ்கேனர் உதவும், பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால் மட்டும். ஆம்னி உற்பத்தி 2019இல் நின்றது. அதன் இடத்தில் மாருதியின் ஈகோ வேன் விற்கிறது, டி.என். 11, டி.என். 22 எண் கொண்ட பழைய ஆம்னிகள் மறுபதிவு பெற்று இன்னும் ஓடுகின்றன.