இடைகழியும் லங்கரும்

நான் பெரிய பக்திமான் எல்லாம் இல்லீங்க. அதுக்காக சாமியே இல்லைன்னு அடிச்சுப் பேசுற தைரியமும் கிடையாது. ஊர் கள்ளக்குறிச்சி பக்கம், பெங்களூரில் பொட்டி தட்டுற வேலை. ஊருக்கு வந்தால் அம்மா இழுத்துக்கிட்டுப் போற கோயில். பெங்களூரில் சர்தார் நண்பன் கூப்பிட்டால் அல்சூர் ஏரிக்கரை குருத்வாரா. என் ஆன்மிக வரலாறு மொத்தமே இவ்வளவுதான். ஆனால் இந்த ரெண்டு வாசலுக்கும் நடுவுல ஒரு நிஜமான வரலாறு ஓடுது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல திருக்கோவிலூர். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிஞ்ச எங்க மாவட்டத்தோட பெரிய பெருமை, அங்கே இருக்கிற உலகளந்த பெருமாள் கோயில். முதலாழ்வார் மூணு பேரும் சந்திச்ச கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். நல்ல மழை ராத்திரி. ஒரு வீட்டு இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கார். பூதத்தாழ்வார் வந்ததும் ரெண்டு பேரும் உட்கார்ந்துக்கறாங்க. பேயாழ்வாரும் வந்து சேர, மூணு பேரும் எழுந்து நிற்கிறாங்க. அப்புறம் நாலாவதா யாரோ நெருக்குறாங்க. பார்த்தால் பெருமாள்! மூணு உலகத்தை அளந்தவர் ஒரு ரேழியில் இடிபட்டுக்கிட்டு நிற்கிறார். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. வந்தவங்களை யாரும் "நீ எந்தத் தெரு?"ன்னு கேட்கலை பாருங்க.

அதே கேள்வியை யாரும் கேட்காத இன்னொரு இடம் குருத்வாரா. தலையில் துணியைக் கட்டிக்கிட்டு உள்ளே போனால் சிலை கிடையாது, நடுவில் குரு கிரந்த சாகிப். வணங்கிட்டு வந்தால் கையில் நெய் சொட்டச் சொட்ட கடா பிரசாதம். அப்புறம் தரையில் வரிசையா உட்கார்ந்து லங்கர் சாப்பாடு. மேனேஜரும் பக்கத்தில்தான், வாட்ச்மேனும் பக்கத்தில்தான்.

உடனே "ஆஹா, சீக்கிய மதத்தில் சாதியே இல்லை"ன்னு கிளம்பிடாதீங்க. 1920 அக்டோபர் 12. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியரா மாறின சிலர் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் பிரசாதம் எடுத்துக்கிட்டு வர்றாங்க. அங்கிருந்த பூசாரிகள் வாங்க மாட்டேன்னுட்டாங்க. நாலு திசைக்கும் நாலு வாசல் வெச்ச கோயில்ல! பெரிய வாக்குவாதம். கடைசியில் கிரந்தத்தைத் திறந்து பார்த்ததில், வந்த பக்கம் வந்தவங்களுக்குச் சாதகமா இருந்தது. பிரசாதம் ஏத்துக்கப்பட்டது. குருத்வாராக்களைப் பரம்பரை நிர்வாகிகள்கிட்டேயிருந்து மீட்ட அகாலி இயக்கம் வேகம் எடுத்தது இந்தச் சமயத்தில்தான். 1925-ல் குருத்வாரா சட்டமே வந்தது.

அந்த அகாலிகள் 1924-ல் எங்கே வந்தாங்க தெரியுமா? வைக்கத்துக்கு. நம்ம பெரியார் போய்ச் சிறையிருந்த அதே வைக்கம். கோயிலைச் சுத்தியிருந்த தெருவில் நடக்கவே தடை, அதுக்கு எதிரா சத்தியாக்கிரகம். பஞ்சாபிலிருந்து வந்த அகாலிகள் போராட்டக்காரர்களுக்கு இலவச சமையல்கூடம் போட்டுட்டாங்க. லங்கரேதான். காந்திக்கு இது பிடிக்கலை. இது இந்துக்கள் தாங்களே தீர்த்துக்க வேண்டிய விஷயம், வெளியார் சோறு வேண்டாம்னு அவர் வாதம். சமையல்கூடம் மூடப்பட்டது. காந்தி மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இந்த இடத்தில் மனசு அகாலிகள் பக்கம்தான் போகுது. பசிச்சவனுக்குச் சோறு போடுறதில் உள்ளாள் என்ன, வெளியாள் என்ன?

அப்புறம் 1939 ஜூலை 8, வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டவங்க மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனது. 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம். பாடப்புத்தகத்தில் இதோட கதை முடிஞ்சுடும்.

எங்க ஊர்ப் பக்கம் முடியலை. மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிகள் (கேரளா இல்லைங்க, மலையை ஆள்பவர்கள்) காஞ்சிபுரத்திலிருந்து வந்தவங்கன்னு அவங்க மரபுக்கதை சொல்லுது. கரியராமரைக் கும்பிடுறாங்க. அவங்க சாமி அவங்களோடவே இருந்தார். ஆனால் நிலம் 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் பிடியில், ஜனங்க கொத்தடிமைகளா.

மலையை விட்டு இறங்கினால் சின்னசேலம் பக்கம் எடுத்தவாய்நத்தம்னு ஒரு கிராமம். அங்கே வரதராஜப் பெருமாள் கோயில். அந்த ஊர் தலித் மக்கள் முதல் முறையா அதுக்குள்ளே போய்க் கும்பிட்டது 2023 ஜனவரி 2-ம் தேதி, போலீஸ் பாதுகாப்போட. சட்டம் வந்து எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சு! அன்னைக்கு வைகுண்ட ஏகாதசி. மத்த பெருமாள் கோயில்களில் எல்லாம் சொர்க்க வாசலுக்கு ஜனம் முண்டியடிச்சுக்கிட்டு இருந்திருக்கும். இவங்களுக்குத் திறந்தது சாதாரண வாசல்.

திருக்கோவிலூரிலிருந்து வண்டியில் போனால் கொஞ்ச நேரம்தான் அந்த ஊர். அதே பெருமாள், அதே மாவட்டம்.

"எனக்குப் பக்தி இருக்கா, இல்லையா"ன்னு சன்னிதியில் நின்னுக்கிட்டு யோசிக்கிறதே எனக்குக் கிடைச்ச சொகுசுன்னு இதைப் படிச்சப்புறம்தான் உறைச்சது. என்னை யாரும் வாசலில் நிறுத்தினதே இல்லையே. இப்பல்லாம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் மூலவரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வாசலைப் பார்க்கிறேன். யாராவது வெளியிலேயே சூடம் கொளுத்திட்டுத் திரும்பிப் போறாங்களான்னு.

அம்மாவுக்கு இது சுத்தமாப் பிடிக்கலை. "சாமியைப் பாருடான்னா ஆளுங்களைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே"ன்னு ஒவ்வொரு தடவையும் திட்டு விழுது.