'கிரெடிட்' கொடுத்தால் போதுமா? காப்பிரைட் மீறல்... எது தப்பு, எது ஓகே?

'பாட்டு யாரோடதுன்னு கீழேயே போட்டிருந்தேனே... அப்புறம் ஏன் வீடியோவைத் தூக்கிட்டாங்க?' ரீல்ஸ் போடுபவர்கள் பலரின் புலம்பல் இது. பெயரைப் போடுவது மரியாதை. அனுமதி வாங்குவது வேறு. இந்த வித்தியாசம் புரிந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எதற்கெல்லாம் உரிமை?

கதை, கவிதை, இசை, ஓவியம், போட்டோ, சினிமா, சாஃப்ட்வேர் என எல்லாவற்றையும் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாக்கிறது. படைத்த நொடியே உரிமை வந்துவிடும். பதிவு செய்வது கட்டாயமில்லை. அனுமதியில்லாமல் நகலெடுப்பது, வெளியிடுவது, மொழிபெயர்ப்பது, பொதுவில் பாடுவது எல்லாமே மீறல்தான்.

'10 செகண்ட்தானே?'

இத்தனை விநாடி வரை ஓகே என்று சட்டத்தில் எந்தக் கணக்கும் இல்லை. 'நான் காசு பார்க்கலையே' என்பதாலும் தப்பிவிட முடியாது. தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

தியேட்டரில் ஹீரோ என்ட்ரியை மொபைலில் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறீர்களா? 2023-ல் திருத்தப்பட்ட சினிமா சட்டப்படி, திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்கத்தோடு பதிவு செய்தால் குறைந்தபட்சத் தண்டனையே 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும்தான். உஷார்!

எது ஓகே?

சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம். கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போடவும் விலக்கு உண்டு. ஆனால், அந்தப் பாட்டோடு வீடியோவை எடிட் செய்து யூடியூபில் ஏற்றுவது வேறு கதை!

எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் படைப்பு எல்லோருக்கும் பொது. 1921-ல் மறைந்த பாரதியின் கவிதைகளை நீங்கள் தாராளமாகப் பாடலாம். ஆனால், அவற்றுக்கு இன்றைய இசையமைப்பாளர் போட்ட மெட்டும், அந்த ஒலிப்பதிவும் பொதுச்சொத்து அல்ல.

உங்களுக்கும்தான்!

நீங்கள் ஆசையாக எடுத்த போட்டோவை ஒரு கடை கேட்காமல் விளம்பரத்தில் போட்டால் சும்மா விடுவீர்களா? அதன் உரிமையாளர் நீங்கள்தான். ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்தத் தளத்திலேயே காப்பிரைட் புகார் கொடுங்கள். அடுத்தவர் போட்டோவை டவுன்லோடு செய்வதற்கு முன்பும் இதே கோபத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 'யூஸ் பண்ணிக்கலாமா?' என்று ஒரு மெசேஜ் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்?